கிளிஞ்சல் வெள்ளையும் அடுப்புக் கரியும்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரை இன்று புது வீடு கட்டுகிறவர்கள் சமையலறையின் நிறத்துக்காகச் செலவிடும் பேச்சு கொஞ்சமல்ல. மேல் அலமாரிக்கு ஒரு நிறம், கீழ் அலமாரிக்கு ஒன்று, நடுவில் டைல்ஸுக்கு இன்னொன்று என்று குடும்பமே கூடி ஷேட் கார்டைப் புரட்டுகிறது. இந்தப் பேச்சு நம் வீடுகளில் என்றைக்கும் இருந்தது போல நாம் நடந்துகொள்கிறோம். பெரும்பாலான வீடுகளில் இதற்கு ஐம்பது அறுபது வயதுகூட இருக்காது. அதற்கு முன்பும் சமையல்கட்டுக்கு நிறம் இருந்தது. அதை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. உப்பங்கழியில் கிடைத்த கிளிஞ்சல் சுவரை வெளுத்தது, அடுப்பில் எரிந்த விறகு அதைக் கறுக்க வைத்தது. இந்த இரண்டும் வருஷம் முழுக்க இழுத்துக்கொண்டு கிடந்ததில் எது எந்த மாதத்தில் மிஞ்சியதோ, அதுதான் நிறம். பழைய வீட்டின் வெள்ளைச் சுவரைக் காட்டி, முன்னோர்களின் எளிய ரசனை என்று இப்போது வீட்டு அலங்காரப் பத்திரிகைகள் எழுதுகின்றன. ரசனை இருந்ததை நான் மறுக்கவில்லை. அது சுவரில் குடியிருந்தது என்பதைத்தான் மறுக்கிறேன். சுவரைப் பொருளும் புகையும் ஆண்டன. புகை வீட்டை விட்டுப் போன பிறகுதான் தேர்வு என்ற ஒன்று உள்ளே நுழைந்தது.

முதலில் சுண்ணாம்பைப் பார்ப்போம். இந்தக் கரையில் அதற்குப் பஞ்சமே கிடையாது. முட்டுக்காடு, கோவளம், சதுரங்கப்பட்டினத்துப் பக்கத்து உப்பங்கழிகள், பாலாறு கடலில் சேரும் முகத்துவாரம் என்று கிளிஞ்சல் ஒதுங்கும் இடங்கள் வரிசையாக உண்டு. அதை அள்ளி, சேறு போக அலசி, காளவாயில் ஓர் அடுக்கு கரி, ஓர் அடுக்கு கிளிஞ்சல் என்று மாற்றி மாற்றிப் போட்டுச் சுட்டால், எடையில் ஏறக்குறைய பாதி காற்றோடு போய் மீதி சுட்ட சுண்ணாம்பாக நிற்கும். அதில் தண்ணீர் தெளித்தால் கொதித்துப் பூத்துப் பொடியாகும். சுண்ணாம்புக் கல்லில் களிமண்ணும் மணலும் கலந்திருக்கும். கிளிஞ்சல் கிட்டத்தட்ட கலப்பில்லாத கால்சியம் கார்பனேட். அதனால் இந்தக் கரையின் நீறு கூடுதல் வெள்ளை. தொழிலும் பழையது. விழுப்புரத்துப் பக்கம் மண்டகப்பட்டில் குடைவரை எடுத்த முதலாம் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் சேர்க்காமல் அதைச் செய்ததாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். ஒன்றைச் சேர்க்காததைப் பெருமையாகச் சொல்ல வேண்டுமென்றால், அதைச் சேர்ப்பது ஊர்வழக்கமாக இருந்திருக்க வேண்டும். ஆகவே 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சுண்ணாம்புச் சாந்து இந்தப் பக்கத்தில் சாதாரணச் சரக்கு. ஆயிரம் வருஷம் கழித்து ஆங்கிலேயக் கம்பெனி சென்னையில் கோட்டை கட்டிக் குடியேறியபோது அதே சரக்குக்குப் புது மவுசு வந்தது. கிளிஞ்சல் சுண்ணாம்பை வெண்ணெயாக அரைத்து, முட்டை வெண்கருவும் தயிரும் சேர்த்து, கடைசிப் பூச்சைக் கல்லால் தேய்த்து மெருகேற்றிய தூண்களைப் பார்த்த ஐரோப்பியப் பயணிகள், இது சலவைக்கல்லோ என்று மயங்கி எழுதினார்கள். மெட்ராஸ் சுண்ணம் என்று அதற்குப் பெயரும் கிடைத்தது. கோட்டைத் துரைமார் மாளிகையில் மின்னியதும் குடியானவர் வீட்டு அடுப்படியில் பொரிந்து உதிர்ந்ததும் ஒரே காளவாய்ச் சரக்குதான். நடுவில் இருந்த வித்தியாசம் கூலி.

சுண்ணாம்பு வெள்ளையைக் கொடுத்ததோடு நிற்கவில்லை, மற்ற நிறங்களை விரட்டவும் செய்தது. இந்தப் பக்கம் பலருக்கும் கவனத்தில் வருவதில்லை. சுண்ணாம்பு கடுமையான காரம். செடிகொடிகளிலிருந்து எடுக்கும் சாயங்களில் பெரும்பாலானவை அதில் நிற்காது. தமிழ் வீடுகளில் இதற்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்ந்த கணமே தண்ணீர் சிவந்துவிடுகிறது. மஞ்சளைச் சுண்ணாம்பில் கரைத்துச் சுவரில் அடித்தாலும் இதே கதைதான். அன்றே செம்பழுப்பாகி, வெளிச்சம் பட்டுக் கொஞ்ச நாளில் வெளிறிப்போகும். குழம்புக்கும் பொரியலுக்கும் நிறம் கொடுக்கும் சரக்கு, அதே அறையின் சுவருக்குப் பயன்படாது. சுண்ணாம்பில் பிழைத்து நிற்பவை மண்ணில் கிடைக்கும் இரும்புச் சேர்மங்கள், அதாவது செங்காவியும் மஞ்சள் காவியும். 19ஆம் நூற்றாண்டில் இன்னொன்று வந்து சேர்ந்தது. அல்ட்ராமரைன் என்ற நீலத்தைத் தொழிற்சாலையில் செய்யும் வழியை 1820களின் கடைசியில் பிரான்சில் கண்டுபிடித்தார்கள். அதுவரை பொன்னுக்கு நிகரான விலையில் இருந்த நிறம், வேட்டிக்குப் போடும் நீலமாக மலிந்தது. அது காரத்தைத் தாங்கும் என்பதால் வெள்ளையடிக்கும் வாளியிலும் ஒரு பொட்டலம் விழுந்தது. ஆனால் அமிலத்தை அது தாங்காது. புளித்தண்ணீர் தெறிக்கும் சுவரில் அந்த நீலமும் மங்கும், அடியில் உள்ள சுண்ணாம்பும் அரித்துக்கொண்டு போகும். ஆக வெள்ளை, நீலம் கலந்த வெள்ளை, செங்காவி, மஞ்சள் காவி. அன்றைய ஷேட் கார்டு மொத்தமும் இவ்வளவுதான். அதிலும் சமையல்கட்டுக்கு என்று வரும்போது முதல் இரண்டே மிச்சம்.

மிஞ்சிய வெள்ளையையும் விறகு விட்டுவைக்கவில்லை. சுள்ளி, வரட்டி, பனைமட்டை, கடலைத் தோல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் அடுப்பு தின்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தக் கரையின் மணல்வெளிகளில் சவுக்குத் தோப்புகள் எழுந்தன. சென்னைப் பட்டினத்தின் அடுப்புகளுக்கு விறகு வேண்டியிருந்ததே முக்கியக் காரணம். மரக்காணத்திலிருந்து மாமல்லபுரம் வழியாகச் சென்னைக்குப் போகும் பக்கிங்ஹாம் கால்வாயில் விறகும் உப்பும் கிளிஞ்சலும் படகேறின. சமையல்கட்டைக் கறுக்க வைக்கும் சரக்கும் அதை வெளுக்க வைக்கும் சரக்கும் ஒரே தண்ணீரில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. விறகுப் புகை வெறும் கரித்தூள் என்றால் துடைத்துவிடலாம். அதில் தார் போன்ற பிசினும் உண்டு. அது சுண்ணாம்புப் பூச்சுக்குள் இறங்கும். மேலே இரண்டு கோட்டு வெள்ளையடித்தாலும் சில வாரங்களில் பழுப்பாகக் கசிந்து வெளியே வரும். அதனால்தான் பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பது வருஷா வருஷம் திரும்ப வரும் வேலையாக இருந்தது. மார்கழிக் கடைசியில் வெள்ளையாக இருக்கும் அடுப்படி, சித்திரைக்குள் காப்பி நிறம், ஐப்பசியில் கருப்பு. இப்படி மாறிக்கொண்டே இருக்கும் சுவருக்கு நிறம் தேர்ந்தெடுப்பதில் என்ன பொருள் இருக்க முடியும்? புகையால் பயனும் இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். கீற்றுக் கூரையில் பூச்சி அண்டாமல் அது காத்தது. அடுப்புக்கு மேலே பரணில் கிடந்த விதையும் புளியும் வண்டு பிடிக்காமல் இருந்தன. இந்தப் பயனுக்கு விலை கொடுத்தது அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் கண்ணும் நுரையீரலும். எனவே பழைய சமையல்கட்டின் இருட்டை அழகாகப் பேசுகிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை.

இங்கே ஒரு மறுப்பு நியாயமாகவே எழும். வெள்ளிக்கிழமை தோறும் அடுப்பை மெழுகி, காவிப்பட்டை இட்டு, மாக்கோலம் போட்ட பெண்களுக்கு நிற உணர்வு இல்லையா? சாணத்தோடு கரி சேர்த்துத் தரையைக் கறுப்பாக மெழுகி, அதன்மேல் வெள்ளைக் கோலம் எடுப்பாகத் தெரியும்படி செய்தது தேர்வு இல்லையா? தேர்வுதான். அந்த எடுத்துக்காட்டுகளைக் கூர்ந்து பார்த்தால் அவை என் வாதத்துக்கே துணை வருகின்றன. காவியும் கோலமும் விழுந்த இடங்கள் அடுப்பின் முகமும் தரையும். இரண்டும் தினமோ வாரத்துக்கு ஒருமுறையோ புதுப்பிக்கக் கூடியவை, செலவில்லாதவை, வீட்டுப் பெண்ணின் கைக்கு எட்டுபவை. சுவருக்கு ஆள் வைக்க வேண்டும், சுண்ணாம்பு வாங்க வேண்டும், அதைப் புகையிடம் தோற்கவும் வேண்டும். நிற ஆசை எங்கே நிலைக்குமோ அங்கே போய் உட்கார்ந்தது. இன்னும் தெளிவாகச் சொன்னால் அது பாத்திரங்களில் உட்கார்ந்தது. புளி போட்டுத் தேய்த்த பித்தளைத் தவலையின் மஞ்சள், செம்புக் குடத்தின் சிவப்பு, உள்ளே ஈயம் பூசிய வெண்மை, புகையில் சுட்டெடுத்த மண்சட்டியின் கருப்பு என்று கறுத்த சுவரின் முன்னால் ஒரு வரிசையே நின்றது. சுவரை அரித்த அதே புளிதான் பித்தளையைப் பளபளக்க வைத்தது. பின்னால் எவர்சில்வர் வந்து இந்த வரிசையை ஒரே வெள்ளி நிறமாக்கியது. அதற்கும் பின்னால் பிளாஸ்டிக் குடங்களும் டப்பாக்களும் பச்சை, ஆரஞ்சு, ஊதா என்று கொட்டின. தமிழ்ச் சமையல்கட்டின் நிற வரலாற்றை முறையாக எழுத நினைப்பவர் சுவரை விட்டுவிட்டுப் பாத்திரக் கடையில் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இன்னொரு மறுப்பு வறுமையைக் காட்டும். காசில்லாதவர் வெள்ளையடித்தார், காசிருந்தவர் நிறம் அடித்திருப்பார், இதில் புகை எங்கே வந்தது என்று கேட்கலாம். பணக்கார வீடுகளைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில் தமிழ்நாட்டின் பல பகுதிகளிலிருந்து பிரித்தெடுத்து வந்து மறுபடி நிறுத்திய வீடுகள் இருக்கின்றன. செட்டிநாட்டு வணிகர் வீடு, அக்கிரகாரத்து வீடு, நெசவாளர் வீடு என்று ஒரே நடையில் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். செட்டிநாட்டு மாளிகைகளின் வண்ணமெல்லாம் முகப்பிலும் வளவிலும்தான்: ஆத்தங்குடிக் கல், பர்மாத் தேக்கு, வெளிநாட்டு ஓடு, வண்ணக் கண்ணாடி. பின்கட்டுக்குப் போகப் போக நிறம் குறைந்துகொண்டே வந்து, சமையல்கட்டில் நின்றுவிடும். இவ்வளவு செலவழித்தவர்களுக்கு அந்த ஓர் அறைக்கு மட்டும் காசில்லாமல் போகவில்லை. புகை முதல் காரணம். அதோடு சேர்ந்த இன்னொரு காரணம், அந்த அறையை யாரும் பார்க்கப் போவதில்லை என்பது. மடி, தீட்டு, சாதி என்ற பெயர்களில் சமையல்கட்டு வெளியாருக்கு மூடப்பட்ட இடமாக இருந்தது. சொந்தக்காரரே ஆனாலும் வாசற்படியோடு சரி என்ற வீடுகள் உண்டு. விருந்தாளி கண்ணில் படாத சுவருக்கு யார் செலவழிப்பார்? மீனவக் குப்பங்களில் நிலைமை வேறு. பனை ஓலைக் குடிசைக்குள் அடுப்பு மூட்டுவது ஆபத்து. பல வீடுகளில் அடுப்பு வெளியே, கீற்று மறைப்பின் கீழே. அங்கே சமையலறைச் சுவர் என்ற ஒன்றே இல்லாதபோது அதன் நிறத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

வாஸ்துவைக் கொண்டுவருகிறவர்களுக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை. மயமதம் போன்ற மனைநூல்களில் நிறம் பற்றிய பேச்சு மனையின் மண்ணைச் சோதிக்கும் இடத்தில் வருகிறது. வெள்ளை மண், சிவப்பு மண், மஞ்சள் மண், கருப்பு மண் என்று வருணங்களோடு அவை முடிச்சுப் போடுகின்றன. அடுப்பு எந்த மூலையில் என்பதற்கு அக்னி மூலை என்ற வழக்கு பழையது. அந்த அறைச் சுவருக்கு ஆரஞ்சு நல்லது, நீலம் ஆகாது என்ற அட்டவணைகள் இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. நாலே நிறம் கிடைத்த காலத்தில் நாற்பது நிறத்துக்கு விதி எழுதியிருக்க முடியாது. பெயிண்ட் டப்பா வந்த பிறகு பிறந்த சாஸ்திரம் அது.

சமையலறை நிறத்தை யோசித்துத் தேர்ந்த வரலாறு உலகில் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தாலும் இதே பாடம்தான் கிடைக்கிறது. ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் 1926இல் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர், தொழிலாளர் குடியிருப்புகளுக்காகச் சின்னஞ்சிறு சமையலறை ஒன்றை வடிவமைத்தார். இன்றைய மாடுலர் கிச்சனுக்கு முன்னோடி என்று அதைச் சொல்வார்கள். அதன் அலமாரிகளுக்கு நீலப்பச்சை வண்ணம் அடித்தார்கள். ஈக்கள் நீல நிறத்தில் உட்காராது என்று அன்றைய ஆய்வாளர்கள் சிலர் சொன்னதே காரணம். நம்மூரிலும் சுண்ணாம்பில் நீலம் போட்டால் பூச்சி அண்டாது என்று சொல்வதுண்டு. இரண்டு நம்பிக்கைகளும் எவ்வளவு சரி என்பது இருக்கட்டும். பிராங்க்ஃபர்ட்டில் அந்த நீலம் நின்றது. அங்கே விறகு அடுப்பு போய் வாயுவும் மின்சாரமும் வந்துவிட்டிருந்தன. நம் நீலம் ஆறு மாதத்தில் புகைக்கு அடியில் போனது. யோசனை இரண்டு இடத்திலும் ஒன்றுதான், எரிபொருள் வேறு.

என் வாதத்துக்கு வலுவான சான்று காலவரிசையில் இருக்கிறது. பெயிண்ட் வந்தவுடன் சமையல்கட்டு நிறம் மாறியிருந்தால் நான் சொல்வது தவறு. அப்படி நடக்கவில்லை. ஹௌராவில் ஷாலிமார் பெயிண்ட்ஸ் 1902இல் தொடங்கியது. ஏசியன் பெயிண்ட்ஸ் 1942இல் பம்பாயில். ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்த கட்டு என்ற பையன் பெயிண்ட் வாளியோடு விளம்பரங்களில் தோன்றியது 1954இல். அதற்குப் பிறகு பல காலம் டிஸ்டெம்பர் கூடத்துக்கு ஏறியது, அறைகளுக்கு ஏறியது. அடுப்படியில் மட்டும் சுண்ணாம்பே தொடர்ந்தது. எப்படியும் கறுக்கப் போகிற சுவருக்கு மலிவான பூச்சே போதும் என்ற கணக்கு சரியான கணக்குதான். சிமெண்ட்டின் கதையும் இதைப் போன்றது. இந்தியாவில் சிமெண்ட் செய்யும் முதல் முயற்சி 1904இல் சென்னையில் நடந்தது, மூலப்பொருள் நம் கடற்கரைக் கிளிஞ்சலேதான், அது நிலைக்கவில்லை. பின்னால் வேறு இடங்களிலிருந்து வந்த சிமெண்ட் சமையல்கட்டின் தரையை மாற்றியது. ரெட் ஆக்சைடு கலந்த சிவப்புத் தரை, கடப்பாக் கல் போட்ட மேடை என்று வந்தன. மேடையைப் பெரிய திருப்பம் என்பேன். உட்கார்ந்து சமைத்தவர் நிற்கத் தொடங்கினார்; அவர் கண்ணுக்கு நேரே ஒரு சுவர் வந்து நின்றது. ஆனாலும் அந்தச் சுவர் இன்னும் கறுப்பாகவே இருந்தது.

எரிபொருளில் மாற்றம் மெதுவாக, வர்க்கம் பார்த்து வந்தது. பொறியாளர் எஸ்.பி. ராஜு ஐதராபாத்தில் செய்த புகையில்லா அடுப்பைப் பற்றிய அவருடைய புத்தகம் 1953இல் சென்னையிலேயே அச்சானது. அடுப்பு பரவியதாகச் சொல்ல முடியாது. பம்ப் ஸ்டவ்வும் திரி ஸ்டவ்வும் டவுன் வீடுகளில் விறகின் இடத்தைக் கொஞ்சம் பிடித்தன. சமையல் எரிவாயு பம்பாயில் 1955இல் விற்பனைக்கு வந்தது, இண்டேன் சிலிண்டர் 1965இல் பிறந்தது. அதற்குப் பிறகும் செங்கல்பட்டுக் கிராமங்களுக்கு அது வர ஒரு தலைமுறை ஆனது. 2006இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு இலவச எரிவாயு இணைப்பும் அடுப்பும் கொடுத்தது பெரிய தள்ளு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட தமிழ்நாட்டில் ஏறத்தாழ பாதி வீடுகளில்தான் எரிவாயுவில் சமையல். டைல்ஸ் ஒட்டிய, வண்ணம் அடித்த சமையலறை நம் கிராமங்களில் பரவலானதும் இதே ஆண்டுகளில்தான். வருமானமும் கூடியது, கடனும் கிடைத்தது, தொலைக்காட்சியில் பார்த்த வீடுகளும் ஆசையைக் கிளப்பின; இவற்றை நான் தள்ளவில்லை. இவையெல்லாம் கூடத்தையும் வாசலையும் முன்பே மாற்றியிருந்தன. சமையல்கட்டு மட்டும் சிலிண்டருக்காகக் காத்திருந்தது.

மாமல்லபுரம் பக்கத்துக் கடற்கரையில் இதற்கு இன்னொரு சான்று இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டு மீனவக் குப்பங்களில் அரசும் தொண்டு நிறுவனங்களும் சுமார் 325 சதுர அடியில் கான்கிரீட் வீடுகள் கட்டிக் கொடுத்தன. சமையலறை உள்ளே, சுவரோடு, ஜன்னலோடு வந்தது. பல குடும்பங்கள் அதற்குள் விறகு அடுப்பு வைக்க மறுத்தன. கீற்றில் புகை கசிந்து வெளியேறும், கான்கிரீட் தளத்தில் மாட்டிக்கொள்ளும். அதனால் பின்பக்கம் பழைய அடுப்பும், உள்ளே ஒரு கேஸ் அடுப்பும் என்று இரண்டு சமையலறைகள். மீன் குழம்பும் வெந்நீரும் வெளியே, காப்பியும் அவசரச் சமையலும் உள்ளே. உள்ளே உள்ளதற்கு இளம்பச்சையோ ரோஜாவோ அடித்திருப்பார்கள். வெளியே உள்ளதற்கு எந்த நிறமும் இல்லை. ஒரே குடும்பம், ஒரே வருமானம், ஒரே ரசனை. வேறுபடுவது புகை ஒன்றுதான். சிலிண்டர் விலை ஏறும் மாதங்களில் வெளி அடுப்பு அதிக நேரம் எரிகிறது.

இன்றைய தேர்வு முழுச் சுதந்திரம் என்றும் நான் சொல்ல வரவில்லை. கிளிஞ்சலின் இடத்தில் குஜராத்தின் மோர்பி வந்து உட்கார்ந்திருக்கிறது; நாட்டின் டைல்ஸில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது, அங்கே அந்த வருஷம் ஓடும் நிறம்தான் ஜி.எஸ்.டி. சாலைக் கடைகளிலும் அடுக்கப்பட்டிருக்கும். பழைய மாமல்லபுரம் சாலையின் அடுக்குமாடிகளில் கட்டுமான நிறுவனம் ஒரே சாம்பல் நிற டைல்ஸை நூறு சமையலறைகளுக்கும் ஒட்டிக் கொடுத்துவிடுகிறது. தாளிப்பின் எண்ணெய்ப் பிசுக்கு தெரியாது என்பது அந்தச் சாம்பலுக்கு அவர்கள் சொல்லும் காரணம். மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது சொல்லாத காரணம். சிறுசேரி, கேளம்பாக்கம், மறைமலைநகர்ப் பக்கத்து வாடகைக் குடித்தனங்களுக்கு அந்த அளவுகூட இல்லை. வீட்டுக்காரர் அடித்ததே நிறம், ஆணி அடிக்கக்கூட அவரிடம் கேட்க வேண்டும். அவர்கள் காசு கொடுத்துத் தாங்களே நிறம் பார்த்து வாங்குவது, மேடைமேல் வரிசையாக நிற்கும் பருப்பு டப்பாக்களையும் தண்ணீர்க் குடத்தையும் மட்டும்தான்.